45 எழுத்து, 19 அசை, ஒரு தூசி

ஒரு பள்ளி ஆண்டு விழா. சின்னப் பெண் ஒருத்தி மேடையேறி, மூச்சுவிடாமல் சொன்னாள்: நியூமோனோஅல்ட்ராமைக்ரோஸ்கோப்பிக்சிலிக்கோவால்கேனோகோனியோசிஸ். கைதட்டல் அடங்க நேரமாச்சு. இறங்கி வந்ததும் "அதுக்கு என்னம்மா அர்த்தம்?" என்று கேட்டேன். "ஏதோ வியாதி, அங்கிள்."

குறை அவளிடம் இல்லை, சொல்லிக்கொடுக்கிற முறையில். யூடியூபில் இதற்கு இருக்கிற பாடங்களில் நான் பார்த்தவை எல்லாம் ஒரே ரகம்: 19 அசையாக நறுக்கி, தாளம் போட்டு, மனப்பாடம். நியூ-மோ-னோ என்று நறுக்கினால் என்ன ஆகும்? 'நியூ' என்றால் புதுசு, 'மோனோ' என்றால் ஒற்றை என்றுதான் காதில் விழும். 'நியூமோன்' என்ற கிரேக்க நுரையீரல் காணாமல் போய்விடும். சீருக்காகப் பொருள் கெடச் சொல்லை வெட்டுவதை நம்ம யாப்பிலக்கணம் வகையுளி என்கிறது. இது அசல் வகையுளி.

பொருள் பார்த்து வெட்டுங்க, ஐந்தே துண்டு. நியூமோனோ, நுரையீரல். அல்ட்ராமைக்ரோஸ்கோப்பிக், நுண்ணோக்கிக்கும் எட்டாத. சிலிக்கோ, மணலிலும் பாறையிலும் இருக்கிற சிலிக்கா. வால்கேனோ, எரிமலை. கோனியோசிஸ், தூசியால் வந்த நோய். 'கோனிஸ்' என்றால் தூசி. இந்தக் கடைசித் துண்டில் அழுத்தம் 'ஓ' மேல் விழணும்: கோனி-ஓ-சிஸ். ஆங்கிலத்தில் முதலெழுத்தாக நிற்கும் 'பி' ஒலிக்காது. அவ்வளவுதான். துண்டுக்குத் துண்டு தாராளமா மூச்சு விடலாம்.

ஆனால் ஒன்று. இதை எந்த மருத்துவரும் நோயாளியைப் பார்த்துக் கண்டுபிடிக்கவில்லை. 1935இல் அமெரிக்காவின் தேசியப் புதிர்க்காரர்கள் சங்கத் தலைவர் எவரெட் ஸ்மித், ஆங்கிலத்தின் மிக நீளமான சொல்லாக இருக்கட்டும் என்று கட்டியது. நியூமோகோனியோசிஸ் என்று மருத்துவத்தில் ஏற்கெனவே இருந்ததன் நடுவே செருகிச் செருகி நீட்டியிருக்கிறார். பத்திரிகையில் வந்தது, பிறகு அகராதியும் ஏறியது. மருத்துவர்கள் சொல்வது சிலிகோசிஸ். நாலே அசை.

எனக்கு உறுத்துவது அந்தக் காலம்தான். 1930இல் மேற்கு வர்ஜீனியாவின் ஹாக்ஸ் நெஸ்ட்டில் சுரங்கம் குடையத் தொடங்கினார்கள். சிலிக்கா மிகுந்த பாறை. முகமூடி கிடையாது. பெரும்பாலும் கறுப்பினத் தொழிலாளர்கள், நூற்றுக்கணக்கில் செத்தார்கள். 1936இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு இதை விசாரித்தபோது அந்த விளையாட்டுச் சொல்லுக்கு ஒரு வயசுதான்.

நம்ம நாட்டிலும் மத்தியப் பிரதேசத்து மந்த்சௌரில் பலருக்கு இதே சிலிகோசிஸ். அவர்கள் கல்லை அறுத்துச் செய்தது, பள்ளிப் பிள்ளைகள் எழுத்துக் கூட்டிப் பழகுவதற்கான சிலேட்டுக் குச்சி.