மாங்கனி இறைத்தல்

காரைக்காலில் ஆனிப் பௌர்ணமியை ஒட்டி நடக்கும் மாங்கனித் திருவிழாவின் உச்சம் பழம் இறைத்தல். கணவன் பரமதத்தன் அனுப்பிய இரு மாங்கனிகளில் ஒன்றைச் சிவனடியாருக்குப் படைத்தார் பின்னாளில் காரைக்கால் அம்மையார் எனப்பட்ட புனிதவதி. மற்றதை உண்ட கணவன் இன்னொன்றையும் கேட்க, இறையருளால் வேறொரு கனி புனிதவதியின் கைக்கு வந்தது. 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் விரித்த இக்கதையே விழாவின் அடிப்படை.

விழாவில் முதலில் பரமதத்தனுக்கு மாப்பிள்ளை அழைப்பு, அடுத்துப் புனிதவதியுடன் திருக்கல்யாணம். பின்னர் சிவனின் பிச்சையேற்கும் கோலமான பிட்சாடனர் பவழக்கால் சப்பரத்தில் வீதியுலா வருகிறார். வாசல்தோறும் தட்டு நிறைய மாம்பழத்தோடு அர்ச்சனை. சப்பரம் கடந்ததும் மாடிகளிலிருந்து பழங்கள் பறக்கின்றன. கீழே நீட்டிய கைகளும் விரித்த முந்தானைகளும் அவற்றை ஏந்துகின்றன. பிள்ளைப்பேறு வேண்டுவோர் அக்கனியைப் பிரசாதமாக உண்கின்றனர். இறுதியில் அம்மையார் கோயிலில் மாங்கனியும் தயிர்சாதமும் சுவாமிக்கு அமுது படைக்கப்படுகின்றன.

விழா நாயகியான அம்மையார், சோழர் காலச் செப்புத்திருமேனிகளில், சிவனிடம் வேண்டிப் பெற்ற எலும்பு தெரியும் பேயுருவில், கையில் தாளத்துடன் அமர்ந்திருக்கிறார். கம்போடியாவில் 10-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பன்டேய் ஸ்ரீ கோயிலில், ஆடும் சிவனின் காலடியிலுள்ள மெலிந்த உருவத்தையும் அறிஞர்கள் அவராகவே கொள்கின்றனர்.