இருவராய் வரும் அழகு

இங்கிலாந்தின் வடமேற்கில், லங்காஷயரில், பிரெஸ்டன் என்று ஓர் ஊர். ஒரு காலத்தில் பருத்தி ஆலைகளால் பேர்பெற்றது, மழைக்குக் குறைவில்லாதது. அந்த ஈரத் தெருக்களில் வெள்ளைச் சட்டையும் டையுமாக இரண்டு இளைஞர்கள் வீடு வீடாக ஏறி இறங்குவதைப் பார்த்தால், ‘மார்மன் பையன்கள்’ என்று சொல்லிவிட்டு ஊரார் தங்கள் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். நாம் சற்று நின்று பார்ப்போம். பார்க்கப் பார்க்க இனிக்கிற நேர்த்தி அந்த இருவரிடமும் இருக்கிறது.

முதலில் அந்த ‘இருவர்’ என்பதே அழகு. மார்மன் சபை என்று ஊர் அழைக்கும் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை தன் பிள்ளைகளை ஊழியத்துக்கு இரண்டிரண்டு பேராகத்தான் அனுப்புகிறது. ஆண்களுக்கு இரண்டு வருடம், பெண்களுக்கு 18 மாதம். எந்த நாடு என்பதை அவர்கள் தேர்ந்தெடுப்பதில்லை. யாரோடு தங்குவது என்பதையும் தேர்ந்தெடுப்பதில்லை. நேற்றுவரை முகமறியாத ஒருவனோடு ஒரே அறையில் உறங்கி, ஒரே அடுப்பில் சமைத்து, நாள் முழுக்க அவனுடைய பார்வையும் குரலும் எட்டும் தூரத்திலேயே இருக்க வேண்டும். ஏறத்தாழ ஆறு வாரத்துக்கு ஒருமுறை இடமாற்றப் பட்டியல் வரும். இப்போதுதான் பழகினான் என்கிற நேரத்தில் துணை வேறு ஊருக்குப் போய்விடவும் கூடும்.

இந்த இணை ஒரு வாசலில் நிற்பதைக் கவனியுங்கள். மணியை அழுத்தியவன் ஓரடி பின்வாங்கிக்கொள்கிறான், திறப்பவருக்கு மிரட்சி வரக்கூடாதே என்று. ஒருவன் பேசும்போது மற்றவன் தெருவை வேடிக்கை பார்ப்பதில்லை. ஆயிரம் முறை கேட்ட பேச்சை அப்போதுதான் கேட்பவன்போல் தோழனின் முகத்தையே பார்க்கிறான். பாதியில் பேச்சு கைமாறும். கண்ஜாடையில்லை, முழங்கை இடியில்லை. மெல்லிய ஓர் இடைவெளி, அவ்வளவுதான். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கம் விட்ட இடத்தைக் கடம் வாங்கிக்கொள்வதுபோல அத்தனை இயல்பாக வாங்கிக்கொள்கிறான் அடுத்தவன். இந்த லாவகம் தானாக வருவதல்ல. காலையில் அறைக்குள்ளேயே ஒருவன் வீட்டுக்காரராக உட்கார, மற்றவன் வந்து பேசிப் பேசிப் பழகிய பயிற்சி அது.

சட்டைப் பையின்மேல் அந்தச் சின்னக் கறுப்பு அட்டையைப் பாருங்கள். விரல் நீளப் பிளாஸ்டிக், அதில் வெள்ளை எழுத்து. மேல்வரியில் ‘எல்டர்’ (மூப்பர்) என்ற பட்டத்தோடு குடும்பப் பெயர். கீழே சபையின் பெயர். அதற்குள் இயேசு கிறிஸ்து என்பது மட்டும் பெரிய எழுத்தில். அம்மா ஆசையாய் வைத்த பெயருக்கு அதில் இடமில்லை. ஊழியம் முடியும்வரை கூட இருப்பவன்கூட அந்தப் பெயரைச் சொல்லி அழைப்பதில்லை. பதினெட்டு, பத்தொன்பது என்பது தன் பெயரைச் சுவரெல்லாம் எழுதிப் பார்க்கத் தோன்றும் வயது. அந்த வயதில் அதை இத்தனை அமைதியாக மடித்து வைத்துவிட்டு நடக்கிறார்களே, அந்த அடக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

நாள் தொடங்குவது வழக்கமாகக் காலை 6.30 மணிக்கு. கொஞ்சம் உடற்பயிற்சி, காலைச் சிற்றுண்டி, பிறகு தனியே வேதவாசிப்பு, பிறகு இருவருமாகப் படிப்பு. இதெல்லாம் விடுதி மாணவனுக்கும் உள்ளதுதான். இவர்களுக்கென்று உள்ளது ஜெபம். எழுந்ததும், படுக்கப் போகும் முன்னும் இருவரும் சேர்ந்து முழங்காலிடுவார்கள். ஒருவன் இருவருக்காகவும் வாய்விட்டு ஜெபிப்பான். ஒருவனின் அந்தரங்க வேண்டுதலை இன்னொருவன் ஒரு முழ தூரத்தில் தினமும் கேட்டுக்கொண்டிருப்பது எத்தனை நுட்பமான நெருக்கம்! பகலில் பாத்திரம் கழுவுவது யார் முறை என்று முறைத்துக்கொண்டவர்கள்தான். இரவில் அவன் தன் தங்கையின் உடம்புக்காகக் கேட்கும்போது, அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டு ‘ஆமென்’ சொல்ல எவனால் முடியும்?

இதே பிரெஸ்டனுக்கு 1933இல், 23 வயதில், ஊழியனாக வந்தவர் கார்டன் ஹிங்க்லி. பின்னாளில், 1995இல், சபையின் தலைவரானவர். வந்த புதிதில் உடம்பு சரியில்லை, கேட்பாரும் இல்லை. என் நேரமும் உங்கள் பணமும் வீணாகிறது, திரும்பி வந்துவிடுகிறேன் என்று அப்பாவுக்கு எழுதினார். பதில் மிகச் சுருக்கமாக வந்தது: உன்னை மறந்துவிட்டு வேலையைப் பார். ஆறுதல் வார்த்தை ஒன்றும் இல்லாத அந்தக் கடிதத்தின் வாஞ்சையை என்னவென்று சொல்வது! மகன் தாங்குவான் என்று நம்பும் தகப்பனால்தான் இத்தனை சிக்கனமாக எழுத முடியும். கடிதத்தைப் படித்த ஹிங்க்லி தன் அறைக்குப் போய் முழங்காலிட்டார், ஊர் திரும்பவில்லை.

அதற்கும் முன்பு, 1837 ஜூலை 30 அன்று, அந்த ஊரின் ரிப்பிள் ஆற்றில் இங்கிலாந்தில் அந்தச் சபையின் முதல் ஞானஸ்நானங்கள் நடந்தன. யார் முதலில் என்று இரண்டு பேருக்குள் ஓட்டப் பந்தயமே நடந்ததாம்! ஜார்ஜ் வாட் என்பவர் முந்திக்கொண்டார். பக்தியில் இந்தச் சிறுபிள்ளைத் துள்ளல் எத்தனை அழகு.

மறுபடியும் இன்றைய வாசல்களுக்கு, தேநீருக்கு வருகிறேன். சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித் 1833இல் அறிவித்த உணவு நெறிப்படி இந்த ஊழியர்கள் காபி குடிப்பதில்லை, தேநீரும் குடிப்பதில்லை. இங்கிலாந்திலோ உள்ளே அழைத்துவிட்டால் அடுத்து கெட்டில்தான் கொதிக்கும்! பத்து வாசலில் விரட்டப்பட்டு, பதினோராவது வீட்டில் ஒரு பாட்டி இரக்கப்பட்டு நீட்டும் கோப்பையை, அவர் மனம் நோகாமல் மறுக்க வேண்டும். குளிர்ந்த கைகளோடு, முகம் மலர, ‘ஒரு டம்ளர் தண்ணீர் கிடைக்குமா?’ என்று கேட்கும் அந்தப் பணிவை எந்த ராஜதந்திரியும் படித்துக்கொள்ளலாம்.

பேச்சின் முடிவில் ஒரு கணம் வரும். நான் சொல்வதை நம்புங்கள் என்று அவர்கள் கேட்பதில்லை. 1830இல் வெளிவந்த, தங்கள் வேதமான மார்மன் புஸ்தகத்தை நீட்டி, நீங்களே படியுங்கள், உண்மையா என்று கடவுளிடமே கேளுங்கள், கேட்பீர்களா என்கிறார்கள். கேட்டுவிட்டுச் சும்மா இருக்கிறார்கள். வாதம் அடுக்காமல், மௌனத்தைச் சொல்லால் நிரப்பாமல், பதிலுக்காகக் காத்திருக்கிறான் ஒரு பத்தொன்பது வயதுப் பையன். அவர்களுடைய கொள்கை எனக்கு ஒத்துவருகிறதா என்பது வேறு விஷயம். அந்தக் காத்திருப்பில் உள்ள மரியாதைக்கு நான் மயங்குகிறேன்.

வாரத்தில் ஒரு நாள், பெரும்பாலும் திங்கள், சொந்த வேலைக்கு. துணி துவைக்க, முடி வெட்ட, மளிகை வாங்க, பந்து விளையாட. 2019 முதல் வாரந்தோறும் வீட்டாரோடு பேசலாம். அதற்கு முன் கிறிஸ்துமஸ், அன்னையர் தினம் என்று வருடத்துக்கு இரண்டு அழைப்புதான். மாலை ஆறானதும் மறுபடியும் சட்டை, அட்டை, டை.

அந்த டையைச் சொல்லாமல் விட்டால் பாவம். மற்றதெல்லாம் அளந்து வகுத்த உடையில் விளையாட இடம் அது ஒன்றில்தான். ஊழியர்களுக்குள் டை பண்டமாற்று ஒரு பெரிய சம்பிரதாயம்: பூப்போட்டது, கோடுபோட்டது, எவனுடைய தாத்தாவோ கட்டிய அகலமான பழசு, எல்லாம் கழுத்துவிட்டுக் கழுத்து போகும். லங்காஷயர் மழையில் நனைந்தபடி ஒரு மாம்பழ மஞ்சள் டை உங்கள் வாசலில் வந்து நின்றால், கதவைச் சாத்துவதற்கு முன், ‘இதை யாரிடம் எதற்கு மாற்றினாய் தம்பி?’ என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.