சிவப்பை அழுத்தினால் யார் வருவார்?

ஆட்டிசம் உள்ள பெரியவர்களின் அன்றாட வாழ்வுக்குத் துணைநிற்கும் செயலிகள் இன்று பல. அவற்றுள் பிரிட்டனில் புழங்கும் 'பிரெயின் இன் ஹேண்ட்' தனியே ஆராயத்தக்கது. தன்னைக் கவனித்துக்கொள்ளும் வேலையை அது பயனரிடமே ஒப்படைக்கிறது. அதன் பலமும் குறையும் அதிலிருந்தே வருகின்றன.

முதலில் பயிற்சி பெற்ற ஒருவர் பயனரோடு பேசுகிறார். எது தடுமாற வைக்கிறது, அப்போது என்ன செய்தால் சமாளிக்கலாம் என்பதைப் பயனர் தம் சொற்களிலேயே செயலியில் பதிகிறார். 'பேருந்து வரவில்லை' என்பதன் கீழ், 'அடுத்த பேருந்தின் நேரத்தைப் பார். அலுவலகத்துக்குச் செய்தி அனுப்பு' என்று எழுதிவைக்கலாம். கூடவே தம் நிலையைத் தெரிவிக்கப் பச்சை, மஞ்சள், சிவப்பு என மூன்று நிறப் பொத்தான்கள். சிவப்பைத் தொட்டால் உதவிக் குழுவிலிருந்து ஒருவர் தொடர்புகொள்வார்.

நெருக்கடியில் ஆட்டிசம் உள்ள பலருக்குச் சிந்தனை உறைந்துவிடுகிறது. பேச்சே நின்றுபோவதும் உண்டு. வழி தெரிந்திருந்தும் அந்த நொடியில் நினைவுக்கு வராது. அமைதியான வேளையில் எடுத்த முடிவைப் பதற்றமான வேளைக்குக் கொண்டுசேர்ப்பது பெரிய உதவி. 'என்னால் முடியவில்லை' என்று வாய்திறக்காமலே தெரிவிக்க முடிவது அதனினும் பெரிது. யோசனை தம்முடையதாகவே இருப்பதால் தன்மானமும் குலைவதில்லை.

ஆனால் மஞ்சளா, சிவப்பா என்று தேர்வுசெய்யத் தம் நிலையை முதலில் உணர வேண்டும். தம் உணர்ச்சிகளை இனங்கண்டு சொல்லும் சிரமம் ஆட்டிசம் உள்ளோரில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இருப்பதை 2019இல் வெளியான தொகுப்பாய்வு ஒன்று காட்டியது. அவர்களில் பலருக்குச் சிவப்பு பிந்தித்தான் புலப்படும். அதற்குள் பொத்தானைத் தொடும் தெம்பும் போயிருக்கும். 'சாப்பிட்டாயிற்றா? காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றுகிறதா?' என்று கண்கூடான அடையாளங்களைக் கேட்கும் வழியே அவர்களுக்குப் பொருந்தும்.

இன்னொரு குறை செயலிக்கு வெளியே இருக்கிறது. வேலை செய்வோருக்கான 'ஆக்சஸ் டு வொர்க்' என்ற அரசுத் திட்டத்தின் வழியாகவும் இந்தச் செயலியைப் பெறலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் மாற்றுத்திறனாளிகளுக்காக நியாயமான மாற்றங்களைச் செய்யும் கடமையை 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் வேலை கொடுப்பவர்மீது வைத்திருக்கிறது. கண்ணைக் கூசவைக்கும் விளக்கையும் இரைச்சலையும் சொல்லாமல் மாறும் பணிநேரத்தையும் அப்படியே விட்டுவிட்டு, செயலிதான் இருக்கிறதே என்று அலுவலகம் இருந்துவிட்டால், சுமப்பவரே இன்னும் திறமையாகச் சுமக்க வேண்டும் என்றாகிவிடும். சிவப்பு எப்போது, எத்தனை முறை அழுத்தப்பட்டது என்ற பதிவு பணியிடத்தின் குறைக்குச் சான்றாகலாம். ஊழியருக்கு எதிரான கோப்பாகவும் ஆகலாம். அது யார் கைக்குப் போக வேண்டும் என்பதைப் பயனரே முடிவுசெய்ய வேண்டும்.

எடைபோட்டுப் பார்த்தால், இந்த ஏற்பாடு ஏற்கத்தக்கதே. அதன் உயிர் மறுமுனையில் இருக்கும் மனிதர். செலவைக் குறைக்க அவரை நீக்கினால் மிஞ்சுவது நினைவூட்டல் பட்டியல் மட்டுமே. ஆகவே இதை வாங்கித்தரும் எந்த அமைப்பும் இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்: சிவப்பை அழுத்தினால் யார் வருவார்? அழுத்த வைத்த சூழலை யார் மாற்றுவார்?