கைதட்டலுக்கு அப்பால்

எங்க சேரியில் அம்பேத்கர் பிறந்தநாள் கூட்டம். வந்தவர் அடுக்குமொழியில் முழங்கினார், விசில் பறந்தது. மறுநாள் அம்மா கேட்டாள்: "என்னதான்டா சொன்னாரு?" எனக்குப் பதில் வரவில்லை.

பெரியார் மேடையில் கொச்சையாகத்தான் பேசினார். தான் சொல்வதையும் யோசித்தே ஏற்கச் சொன்னார். கேட்பவரை மதித்த பேச்சு அது.

1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் எச்சரித்தார்: 1950 ஜனவரி 26 முதல் அரசியலில் சமத்துவம் இருக்கும், சமூக, பொருளாதார வாழ்வில் இருக்காது. இதைத் தமிழில் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "ஓட்டு ஒண்ணு, டீக்கடைல கிளாசு மட்டும் ரெண்டுன்றாரு" என்றாள்.

கேட்டவர் தன் வாழ்க்கையை வைத்துத் திருப்பிச் சொல்ல முடிந்தால்தான் அது பேச்சு. மற்றதெல்லாம் வெறும் சத்தம். சரி, இவ்வளவு தெளிவாகச் சொன்ன அம்மாவிடம் நாம் என்றைக்காவது மைக்கை நீட்டியிருக்கிறோமா?