அவன் கணக்கை அவன் போட்டான், நம் கணக்கை யார் போடுவது?

2025 செப்டம்பரில் ஒருநாள் காலை ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்தேன். மேஜையில் கிடந்த தினசரியில் ஒரு செய்தி: டிரம்ப் போட்ட இறக்குமதி வரியால் அமெரிக்கக் குடும்பம் ஒன்றுக்கு வருஷத்துக்கு இவ்வளவு டாலர் கூடுதல் செலவு, 'அமெரிக்க ஆய்வு நிறுவனம் தகவல்'. எந்த நிறுவனம், அதற்குப் பணம் தருவது யார் என்று ஒரு வரிகூட இல்லை. எதிரே இருந்தவர் சத்திரப்பட்டியில் தறி வைத்திருப்பவர். அதைப் படித்துவிட்டுச் சொன்னார்: "அவன் வீட்டுக் கணக்கை அவன் போட்டுட்டான் சார். நம்ம கணக்கை யாரு போடுறது?"

இந்தக் குறிப்பை எழுத வைத்தது அந்தக் கேள்விதான்.

ஆங்கிலத்தில் 'திங்க் டேங்க்' என்பார்கள். நாம் சிந்தனைக் குழாம், ஆய்வு மையம் என்று ஏதோ ஒன்று சொல்லிக்கொள்கிறோம். வாஷிங்டனில் இவற்றுக்குப் பஞ்சமில்லை. புரூக்கிங்ஸ் 1916-இல் தொடங்கியது, ஹெரிடேஜ் 1973-இல், கேட்டோ 1977-இல். தங்களைச் 'சுயாதீனமானவை' என்றுதான் இவை சொல்லிக்கொள்ளும். ஆனால் 1981-இல் ரீகன் ஆட்சிக்கு வந்தபோது, எதை எப்படிச் செய்ய வேண்டும் என்று தடித்த புத்தகம் போட்டுக் கொடுத்தது ஹெரிடேஜ். 2023-இல் அதே தலைப்பில் அடுத்த ஆட்சிக்கும் ஒன்று போட்டது. 'புராஜெக்ட் 2025' என்று எல்லோரும் பேசியது அதைத்தான். புரூக்கிங்ஸுக்குக் கத்தார் அரசு நான்கு வருஷத்தில் 1.48 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டிருந்ததை 2014-இல் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்டது.

அதற்காக அவர்கள் எழுதுவதெல்லாம் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. கேட்டோவை எடுத்துக்கொள்ளுங்கள். எந்தக் கட்சி ஆண்டாலும் இறக்குமதி வரியை எதிர்ப்பார்கள், அதில் நாணயம் இருக்கிறது. 'யார் காசு கொடுத்தது' என்று கேட்பது அவசியம்தான். ஆனால் அதோடு நின்றுவிட்டால் பாதிக் கிணறுதான் தாண்டியிருப்போம். என் விமர்சனம் வேறு. எந்தப் புள்ளிவிவரமும் ஒரு கேள்விக்கான பதில். அந்தக் கேள்வியைக் கேட்டது யார்? அமெரிக்கக் குடும்பத்துக்கு எவ்வளவு செலவு என்பது நியாயமான கேள்வி. ஆனால் அது நம் கேள்வி இல்லை. அதை அப்படியே மொழிபெயர்த்துப் போட்டுவிட்டு, அமெரிக்காவைப் புரிந்துகொண்டதாக நாம் நினைக்கிறோம். சிக்கல் இங்கேதான்.

கேள்வி மாறினால் என்ன நடக்கும் என்பதற்குப் பஞ்சு விஷயத்திலேயே உதாரணம் இருக்கிறது. அமெரிக்கா தன் பருத்தி விவசாயிகளுக்குக் கொடுக்கும் மானியத்தை எதிர்த்து 2002-இல் பிரேசில் உலக வர்த்தக அமைப்புக்குப் போனது. அந்த மானியம் உலகச் சந்தையில் பஞ்சு விலையை அழுத்துகிறது என்று தீர்ப்பானது. கடைசியில், 2014-இல், 30 கோடி டாலர் கொடுத்து அமெரிக்கா சமாதானம் செய்துகொண்டது. பிரேசிலுக்கு அந்தக் கணக்கைப் போட்டுக் கொடுத்தவர் யார் தெரியுமா? டேனியல் சம்னர் என்ற கலிபோர்னியா பல்கலைக்கழகப் பொருளாதார நிபுணர், அதாவது ஓர் அமெரிக்கர். ஆக, ஆராய்கிறவர் எந்த ஊர்க்காரர் என்பது பெரிய விஷயமில்லை. கேள்வி பிரேசிலுடையது. அதே வழக்கில் இந்தியாவும் இருந்தது, மூன்றாம் தரப்பாக.

மறுபக்கம் பாருங்கள். பி.எல். 480 திட்டத்தில் நமக்குக் கோதுமை அனுப்பி, அதற்கு ரூபாயாகச் சேர்ந்த பணத்தில் 1962 முதல் இந்தியப் புத்தகங்களை வாங்கித் தங்கள் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பினார்கள். தமிழ்ப் புத்தகங்களும் அதில் போயின. நம்மைப் படிக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியது, படித்தார்கள். நாம் அவர்களைப் படிக்க 1964-இல் ஹைதராபாத்தில் ஒரு மையம் வந்தது. அதுவும் அமெரிக்க உதவியில்தான் நடந்தது!

தமிழ்நாட்டில் சொந்தக் கேள்வியோடு தொடங்கிய இடம் இல்லாமல் இல்லை. யுனெஸ்கோவில் துணைத் தலைமை இயக்குநராக இருந்து திரும்பிய மால்கம் ஆதிசேஷய்யா, 1971-இல் தன் சொந்தப் பணத்தைப் போட்டு அடையாறில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். 1977-க்குப் பிறகு அது அரசு நிதியில் நடக்கிறது. 1988-இல் அது வெளியிட்ட தமிழ்நாட்டுப் பொருளாதாரம் பற்றிய நூலை இன்றும் புரட்டலாம். ஆனால் அதன் பார்வை பெரும்பாலும் தமிழ்நாட்டுக்கு உள்ளேதான். அந்தக் காலத்துக்கு அது சரி. இன்று நம் ஊர்க் கூலியை வெளியில் இருப்பவர்களும் தீர்மானிக்கிறார்களே!

2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியச் சரக்கு பலவற்றுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டது. அதற்குச் சில நாள் முன்பு, ஆகஸ்ட் 19 முதல், வெளிநாட்டுப் பஞ்சுக்கு இருந்த 11 சதவீத வரியை மத்திய அரசு நிறுத்தி வைத்தது. முதலில் செப்டம்பர் வரை என்றார்கள், பிறகு டிசம்பர் வரை நீட்டினார்கள். ராஜபாளையம் ஸ்பின்னிங் மில்லுக்கு அப்போது இது ஆறுதலாக இருந்தது, பஞ்சு கொஞ்சம் மலிவாகக் கிடைக்கும் என்று. கரிசல் காட்டில் பருத்தி போட்டவருக்கு வயிற்றைக் கலக்கும் செய்தி, விலை இறங்குமே என்று. சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்பவருக்கு இரண்டுமே: நூல் விலை இறங்கினால் சந்தோஷம், ஆர்டர் நின்றால் தறி நிற்கும். ஒரே மாவட்டத்துக்குள் மூன்று கணக்கு. வாஷிங்டனில் இதை யாரும் போட மாட்டார்கள், போட வேண்டிய அவசியமும் அவர்களுக்கு இல்லை. டெல்லியில் போட்டால் 'ஜவுளித் துறை' என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுவார்கள்.

'இதுக்கெல்லாம் கோடிக்கணக்கில் வேண்டும், சின்ன ஊரில் நடக்கிற காரியமா?' என்று நீங்கள் கேட்கலாம். கட்டடத்தையும் ஏசி அறையையும் நினைத்தால் நடக்காதுதான். ஆனால் இந்த இரண்டு ஊரைச் சுற்றியும் கல்லூரிகள் இருக்கின்றன, பொருளாதாரமும் வணிகவியலும் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். வருஷத்துக்கு ஓர் அமெரிக்க அறிக்கையை எடுத்து, முதலில் நன்கொடையாளர் பட்டியலைப் படிக்கட்டும். அது எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது என்று ஒரு பக்கம் எழுதட்டும். அப்புறம் மில்லுக்கும் காட்டுக்கும் தறிக்கும் போய் அது கேட்காத கேள்வியைக் கேட்டு இன்னொரு பக்கம். இரண்டு பக்கமும் தமிழில்.

அது பெரிய ஆராய்ச்சியாகிவிடாது. ஆனால் அடுத்த தடவை அந்த டீக்கடையில் அவர் கேட்டால், கையில் கொடுக்க ஒரு தாளாவது இருக்கும்.