எலி முதுகில் ஒரு சிவப்புப் புள்ளி

குறைந்த சக்தி லேசரைக் காட்டினால், அறுத்து நகர்த்திய தோல் சாகாமல் பிழைக்கும் என்கிற விலங்கு ஆய்வுகளைக் கொஞ்ச நாளாகப் படித்து வருகிறேன். மருத்துவம் என் துறை இல்லை, நான் படித்தது பி.இ. ஆனால் இந்த ஆய்வுகளில் பாதிக்கு மேல் அளவீட்டுப் பிரச்சினைதான். அது நமக்குப் பழக்கமான ஏரியா.

முதலில் சோதனை என்னவென்று பார்ப்போம். எலியின் முதுகில் 10 செ.மீ. நீளம், 4 செ.மீ. அகலத்துக்குத் தோலை மூன்று பக்கம் அறுத்துத் தூக்கி, திரும்ப அதே இடத்தில் தைத்துவிடுவார்கள். 1965ல் மெக்ஃபார்லேனும் கூட்டாளிகளும் வெளியிட்ட முறை. ரத்தம் ஒட்டியிருக்கும் ஒரு பக்கத்திலிருந்து மட்டும்தான் வரும். அதனால் மறுமுனை கறுத்துச் சாகும். சில குழுக்கள் கீழிருந்தும் ரத்தம் வராதபடி நடுவில் பிளாஸ்டிக் தாள் வைப்பதும் உண்டு. ஏழாம் நாள் எத்தனை சதவீதம் செத்தது என்று அளப்பார்கள்.

எப்படி அளப்பார்கள் தெரியுமா? கறுத்த பகுதியையும் மொத்தத் தோலையும் காகிதத்தில் வரைந்து, கத்தரித்து, தராசில் எடை போடுவது! எனக்கு இந்த முறை ரொம்பப் பிடித்திருக்கிறது. மலிவு, நேர்மை, தராசு பொய் சொல்லாது. ஆனால் கோட்டைப் போடுவது மனிதக் கை. உயிருள்ள தோலுக்கும் செத்த தோலுக்கும் நடுவே மங்கலான ஒரு பட்டை இருக்கும். வரைகிறவருக்கு எந்த எலி லேசர் வாங்கியது என்று தெரிந்தால் கோடு நகரும், அவருக்கே தெரியாமல். போதாததற்கு, செத்த தோல் காய்ந்து சுருங்கும். அப்போது சதவீதத்தின் மேல் எண்ணும் கீழ் எண்ணும் சேர்ந்தே மாறுகின்றன. ஆகவே ஒரு ஆய்வை எடுத்தால் நான் முதலில் தேடுவது, கோடு போட்டவருக்குக் குழு தெரியுமா என்ற ஒரு வரியைத்தான்.

அடுத்தது டோஸ். 30 மில்லிவாட் லேசரை ஒரே புள்ளியில் 60 விநாடி வைத்தால் 1.8 ஜூல். புள்ளியின் பரப்பு 0.05 சதுர செ.மீ. என்றால் சதுர செ.மீ.க்கு 36 ஜூல். அதே 1.8 ஜூலை 40 சதுர செ.மீ. தோல் முழுக்கப் பங்கு போட்டால் 0.045. ஒரே சிகிச்சை, இரண்டு எண்கள், 800 மடங்கு வித்தியாசம்! மொத்த ஜூல், புள்ளியின் பரப்பு, எத்தனை புள்ளி என்ற மூன்றும் இல்லாத கட்டுரையை இன்னொருவர் செய்து பார்க்கவே முடியாது. வெர்ஷன் நம்பர் இல்லாத பக் ரிப்போர்ட் மாதிரி.

இதில் எனக்கு உறுத்துவது ஒரு வழக்கமான சமாளிப்பு. பலன் தெரியவில்லையா, டோஸ் குறைவு அல்லது அதிகம் என்கிறார்கள். குறைந்தால் பலனில்லை, கூடினால் தடுக்கும் என்பது செல்களில் பார்த்த விஷயம்தான், புளுகு இல்லை. ஆனால் சோதனைக்கு முன்பே சரியான டோஸைச் சொல்லாவிட்டால், எந்த முடிவு வந்தாலும் கொள்கை ஜெயித்துவிடும்.

எலிகளில் ஒன்றுமே நடக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. செத்த பகுதி குறைந்ததாகப் பல குழுக்கள் எழுதியிருக்கின்றன. சிவப்பு ஒளியை செல்லின் மைட்டோகாண்ட்ரியா உறிஞ்சுகிறது என்ற விளக்கமும் கேட்கத் தகுந்ததே. என் சண்டை அங்கிருந்து கிளினிக் விளம்பரத்துக்குத் தாவுவதோடுதான். எலியின் தோல் தளர்வானது, அடியில் தனித் தசைப் படலம் உண்டு, காயம் சுருங்கியே ஆறும். நம்முடையது அப்படியில்லை. அந்த 10க்கு 4 வெட்டும் நுனி சாக வேண்டும் என்றே போட்டது. எந்தச் சர்ஜனும் நோயாளிக்கு அப்படித் திட்டமிட மாட்டார்.

இன்னொன்று, இதை யாரும் அதிகம் பேசுவதில்லை. இந்த ஆய்வுகளில் அடிக்கடி வரும் விஸ்டார் எலி அல்பினோ, மெலனின் கிடையாது. மெலனின் சிவப்பு ஒளியை வழியிலேயே கணிசமாக உறிஞ்சும். வெள்ளை எலியில் கிடைத்த டோஸ் நம் ஊர்க் கறுப்புத் தோலுக்குள் எவ்வளவு போகும் என்று, சிட்டிங் கணக்கில் காசு கட்டச் சொல்கிறவரிடம் கேட்டுப் பாருங்க.