பண்ணும் பழமையும்

சோழர் காலத்தை மேடைக்குக் கொணரும் நாடகங்களை நம் சிங்கப்பூரில் பள்ளி மாணவரும் ஆர்வத்துடன் நடிக்கின்றனர். முடியும் வாளும் பட்டாடையும் பழமையைக் காட்டிவிடுகின்றன. இசை மட்டும் காட்ட மறுக்கின்றது. மேடையில் செந்தமிழ் முழங்க, பின்னணியில் கீபோர்டு என்னும் மின்னிசைப் பலகையிலிருந்து, ‘கார்டு’ எனப்படும் சுரக்கூட்டுகள் அடுக்கடுக்காய் எழுகின்றன. அவ்வொலி நம் நினைவில் எழுப்புவது மேனாட்டுத் திரைப்பட அரண்மனையையே, தஞ்சையை அன்று.

தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டு இங்கு நமக்கு வழிகாட்டும். திருப்பதியம் பாடுதற்கு முதலாம் இராசராசன் 48 பேரை அமர்த்தினான். அவர்களுடன் உடுக்கை வாசிப்பார் ஒருவரும் கொட்டிமத்தளம் வாசிப்பார் ஒருவரும் இருந்தனர். ஆளுக்கு நாள்தோறும் மூன்று குறுணி நெல் வழங்கப்பெற்றது. பாடுவோர் 48 பேர். கருவிகள் இரண்டே, அவையும் தோற்கருவிகள். பலர் கூடியும் ஒரே இசைவரியைப் பாடினர் எனக் கொள்வதே நம் இசைமரபிற்குப் பொருந்தும்.

ஐரோப்பாவின் இடைக்காலத் திருச்சபைகளிலும் கிரெகோரியன் பாடல்கள் ஒற்றை இசைவரியாகவே ஒலித்தன. அவற்றின் ‘டோரியன்’ என்னும் சுர அடைவு நம் கரகரப்பிரியாவோடு ஒத்தது. இன்றைய ஆய்வாளர் பலர் செம்பாலையை அரிகாம்போதி என்றும், கோடிப்பாலையைக் கரகரப்பிரியா என்றும் கொள்வர். ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளில் மட்டும் அரிகாம்போதியை வாசித்து, அதன் பஞ்சமத்தையே சட்சமாக மாற்றி, அதே கட்டைகளை மீண்டும் வாசித்துப் பாருங்கள், கரகரப்பிரியா பிறக்கும். கட்டைகள் மாறவில்லை; நிலைச்சுரம் மாறியது; சுவையும் மாறியது. இதனையே குரல்திரிபு என்பர். பண்ணின் உயிர் அந்நிலைச்சுரத்தில் உள்ளது. அடியிற் சுரக்கூட்டுகள் மாறிக்கொண்டே இருப்பின் செவி அவற்றின் பின்னே ஓடும். நிலைச்சுரம் தன் ஆட்சியை இழக்கும்.

“இன்று ஓதுவார் பாடுவதுதான் சம்பந்தர் பாடிய இசை என்பதற்குச் சான்று உண்டோ?” என வினவுவர் சிலர். நேரிய வினாவே. தக்கேசியைக் காம்போதியிலும் கௌசிகத்தைப் பைரவியிலும் பாடுவது வழிவழி வந்த மரபு. ஏழாம் நூற்றாண்டின் ஒலிப்பதிவு அன்று. ஆதலின் பழைய ஒலியையே மீட்டுவிட்டோம் என்று நாடகத்தார் பெருமை கொள்ளுதல் கூடாது. எனினும், ஒரு நிலைச்சுரம், ஓர் இசைவரி, சொல்லுக்கு முதன்மை என்னும் நெறி மாறாது வந்துள்ளது. பழமை உணர்ச்சியை நமக்குத் தருவது அந்நெறியே.

எம் பள்ளி ஒத்திகை ஒன்றில் மின்னிசைப் பலகையை நிறுத்திவிட்டு, சுருதிப்பெட்டியின் துணையோடு மட்டும் ஒரு மாணவியைத் தேவாரம் பாடச் செய்தோம். திரைக்குப் பின்னே பேசிக்கொண்டிருந்த பிள்ளைகள் தாமாகவே அடங்கினர். அவள் அப்பண்ணைக் கற்றது இவ்வூர்க் கோயிலின் தேவார வகுப்பில்.

கோயிலில் பண்ணோடு பாடும் அதே பிள்ளைகளை மேடையில் இரவல் இசைக்கு வாயசைக்கச் செய்கின்றோம். பழமை என்பது நாடகத்தன்று உடுத்திக் களையும் ஆடை என்றே அவர்கள் எண்ணிவிடுவர். தம் குரலிலேயே அது வாழ்கின்றது என்பதை உணர்த்துதல் ஆசிரியராகிய நம் கடன்.